குடு, போ

இன்னஸ் என்பது அவர் பெயர்.
எங்கள் வாயில் இன்னாசி ஆயிற்று.
"நான் அந்த வேதமில்லை" என்று ஒருமுறை சொன்னார்,
எந்த வேதம் என்று யாரும் கேட்கவில்லை.

முழங்காலில் கெண்டைமீன் நீளத்துக்கு ஒரு தையல்.
அதைக் காட்டித்தான் தன் கதையைச் சொல்வார்:
கிளைடு ஆற்றங்கரையில் கப்பலுக்கு ஆணி அடித்தது,
சனிக்கிழமை பன்னிரண்டாயிரம் பேர் முன்னால் ஆடியது,
கால் போனபின் பிராக் என்ற ஊரில்
பாஷை தெரியாத பையன்களுக்குக் கோச்சானது.
சண்டை வந்தது. எதிரி நாட்டான் என்று
நாலு வருஷம் குதிரைக் கொட்டகையில் அடைத்தார்களாம்.
அங்கேயும் ஒரு டீம் கட்டினாராம்.
பிறகு கப்பல், மதராஸ், சேலம்,
வெள்ளைக்கல் கம்பெனியில் சூளை மேஸ்திரி.
எழுதினால் ஒரு கார்டில் அடங்கும்.

தமிழில் அவருக்கு ரெண்டே சொல்.
குடு. போ.
பந்தைக் குடு, காலி இடத்துக்குப் போ,
அங்கே அது உன்னிடம் திரும்பி வரும்.
அதற்குமுன் நாங்கள் ஆடியது
ஒரு பந்தும் இருபது பேர் துரத்தலும்.

ஷிப்டு முடிந்து வந்தால்
தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் தூசி.
தூரத்தில் பார்த்தால் பதினோரு பேரும் ஒரே ஆள்.
கிட்டத்தில் வந்தால் அப்படி இல்லை.

பந்து கிழிந்தால் தைப்பது நான்.
எங்கள் தெருவில் எல்லோரும் தைப்போம்.
சூளைத் தூசி மற்றவர்கள் நெஞ்சை அடைத்துவிட்டதால்
பிளாடருக்கு ஊதுவதும் நான்தான்.
தோலுக்குள் போய்விட்ட மூச்சுக்குத் தீட்டில்லை போல,
தீர்த்தகிரி நெற்றியால் முட்டுவான் அதை.

அவுட்சைட் லெஃப்ட் என்றார் என் இடத்தை.
வெளியே, ஓரம்.
எனக்கு விளக்கத் தேவைப்படவில்லை.

ஆட்டம் முடிந்ததும் துரை நோட்டை விரிப்பார்.
ஆளுக்கு ஒரு புள்ளி, பாஸுக்கு ஒரு கோடு.
எங்கள் வாசலில் பெண்கள் போடுவது மாதிரியேதான்,
ஆனால் இடது ஓரப் புள்ளியிலிருந்து
கோடுகள் கிளம்பின, ஒன்றும் வந்து சேரவில்லை.
நானே ஓடிப் பிடுங்கிய பந்துகள் அவை.
பென்சிலால் அந்தப் புள்ளியை ரெண்டு தரம் தட்டினார்.
தீர்த்தகிரி செருப்பைப் பார்த்தான்.
லாசர் தொண்டையைச் செருமினான்.
சொல்லியிருக்கலாம் யாராவது. நானாவது.
"நிற்கத் தெரியவில்லை" என்று துரை முடிவு கட்டினார்.
அடுத்த வாரம் என்னை வெளியே உட்கார வைத்தார்.
தைக்கிற வேலை மட்டும் நின்றபாடில்லை.

ஐப்பசியில் ஏற்காட்டில் ஒரு மேட்ச்,
காப்பித் தோட்டத்துத் துரைமாரோடு.
அடிவாரத்திலிருந்து விடியுமுன் நடந்தோம்.
பாதி வழியில் அத்தியப்பனுக்குக் குளிர்ஜுரம்.
எண்ணிப் பார்த்தார்கள், பத்துதான்.
அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

விசில் ஊதிக் கால்மணி ஆகவில்லை,
ஏரியிலிருந்து மேலே ஏறி வந்தது மூட்டம்.
கோல் கம்பம் போனது, சவுக்கு மரங்கள் போயின,
என் முழங்கைக்கு அப்பால் ஒன்றுமில்லை.
கோட்டுக்கு வெளியே அவர் குரல் மட்டும்
மாடு ஓட்டுகிறவன் போல, குடு, போ, குடு, போ.

அப்போது வந்தது.
ஈரப் புல்லில் சர்ரென்று, காலுக்கே.
யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியாது.
யாருக்குக் கொடுத்தோம் என்று அவனுக்கும்.
திருப்பிக் கொடுத்தேன், ஓடினேன், மறுபடி வந்தது.
ஒன்பது தரம். எண்ணினேன்.
என் தையல் ஒவ்வொரு தரமும் பாதத்தில் தட்டியது.

பத்தாவதை உதைத்தேன்,
எதிலோ பட்ட சத்தம்.
கோலா, மரமா, ரெஃபரிக்கும் தெரியவில்லை,
கணக்கில் சேரவில்லை.
மூடுபனி விலகியபோது
பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.
மறு வாரம் அத்தியப்பனுக்கு ஜுரம் விட்டிருந்தது.

மூணு வருஷத்தில் துரை கொழும்புக்குப் போனார்,
அங்கே துறைமுகத்து டீமுக்குக் கோச்சாக.
நோட்டைச் சூளை ஆபீசில் விட்டுவிட்டார்.
கணக்கப்பிள்ளையிடம் கேட்டு ஒருநாள் புரட்டினேன்.
எல்லா மேட்சும் இருந்தது, கோடு கோடாக.
ஏற்காடு என்று இங்கிலீஷில் தலைப்பாம்.
கீழே பதினோரு புள்ளி,
ஒரு கோடு இல்லை.
அவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது அன்றைக்கு.